மலாக்காவின் மதிலும் மரக்கலமும்

துறைமுகப் பட்டினம் ஒன்றிற்குக் காவலாவது யாது? கல்லால் எழுப்பிய மதிலும், அதன்மேல் நிறுத்திய பீரங்கியுமே காவல் என்பது பலர் கருத்து. வணிகத்தையே வாழ்வாகக் கொண்ட நம்மனோர் இக்கருத்தைச் சற்று நின்று ஆராய்தல் வேண்டும். வந்தவன் சரக்கிற்கு நியாயமான மதிப்பும், கொடுத்த வாக்கிற்கு உறுதியும், வழக்கிட்டவனுக்கு நடுவு பிறழாத தீர்ப்பும் எங்கே கிடைக்கின்றனவோ அங்கேதான் மரக்கலங்கள் நங்கூரமிடும். இம்மூன்றும் நீங்கியவிடத்து மதில் எத்துணை உயர்ந்ததாயினும் அது வெறுங் கற்குவியலே. இவ்வுண்மையை ஏட்டிற் படிப்பதோடு நில்லாமல் கண்ணாரக் காண விரும்புவோர் மலாக்காவிற்குச் சென்று வருவாராக.

அந்நகரம் மலேசியா நாட்டின் மேல்கரையில், கோலாலம்பூருக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. அண்மையில் அதனைக் கண்டுவரும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. அங்குக் கண்டவற்றையும், அவற்றின் பின்னின்ற வரலாற்றையும் நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு எழுதலாயினோம்.

நகரின் இருக்கை

மலாக்கா ஆறு அகலத்தாற் பெரியதன்று. கடலை நோக்கிச் செல்லும் அவ்வாற்றின் இடக்கரையில் ஒரு சிறு குன்று நிற்கின்றது. மலாய் சுல்தான்களின் அரண்மனை இருந்ததும், போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதும், ஒல்லாந்தர் ஆட்சி செலுத்தியதும் அக்குன்றையும் அதன் அடிவாரத்தையும் சூழ்ந்தேயாம். வலக்கரையோ வணிகர் கரை. நம் நாட்டாரும், சீனரும், பிறரும் பண்டகசாலை வைத்திருந்த தெருக்கள் அப்பக்கம் இருந்தன. இரு கரைகளையும் ஒரு பாலம் இணைத்தது. அரசு ஒரு கரையிலும் அங்காடி மறு கரையிலும் இருக்க, இடையே பாலம் ஒன்று நின்ற இவ்வமைப்பை வாசகர் நினைவில் இருத்திக்கொள்வாராக. பின்வரும் செய்திகளுக்கெல்லாம் அதுவே அரங்கு.

ஒல்லாந்தர் 17-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கட்டிய அரசாங்க மாளிகையும், 1753-இல் கட்டி முடித்த மாதாகோயிலும் செந்நிறம் பூசப்பெற்று ஆற்றங்கரை முற்றத்தில் இன்றும் விளங்குகின்றன. குன்றைச் சுற்றித் தென்புறம் சென்றால் தனித்து நிற்கும் கல்வாயில் ஒன்றைக் காணலாம். போர்த்துக்கேயர் தம் மொழியில் ‘புகழ் வாய்ந்தது’ எனப் பெயரிட்ட பெருங்கோட்டையின் எச்சமாக நிலத்தின்மேல் நிற்பது இவ்வாயிலே. அதன் நெற்றியில் ஒல்லாந்தக் கும்பினியின் சின்னமும் 1670 என்னும் ஆண்டும் பொறிக்கப்பெற்றுள்ளன. முற்காலத்தில் கடல் அணித்தாக இருந்தது. பிற்காலத்தில் கடலைத் தூர்த்து நிலமாக்கியமையால் அலையோசை இன்று அவ்வாயிலை எட்டுவதில்லை. 2006-ஆம் ஆண்டில் ஆற்றருகே நிலத்தைத் தோண்டியபொழுது கோட்டைக் கொத்தளம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட, அதன்மேல் அக்கொத்தளத்தைப் பழைய வடிவில் மீண்டும் எழுப்பினர். 2008-ஆம் ஆண்டில் இந்நகரும் பினாங்கின் ஜார்ஜ்டவுனும் ஒருசேர உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றன.

ஆற்றுமுகத்தருகே ஒரு பெரிய பாய்க்கப்பல் தரைமேல் நிற்கின்றது. அது மெய்யான கப்பலன்று. ‘கடல் மலர்’ என்னும் பொருள்படப் போர்த்துக்கேயர் பெயரிட்ட கப்பலின் உருவில் அமைத்த கடல்வாணிபப் பொருட்காட்சிசாலை. 1511-இல் நகரைக் கொள்ளையிட்ட பொருளை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்கு மீளும் வழியில் சுமத்திரா கரையருகே மூழ்கிப்போன கப்பல் அது. கொண்டவனுக்கும் உதவாமல், இழந்தவனுக்கும் மீளாமல் அச்செல்வம் கடலடியிற் சென்றது. அக்கப்பலின் வடிவம் அந்நகரிலேயே நிற்பது காண்போர் நெஞ்சில் பல எண்ணங்களை எழுப்பும்.

காற்று தந்த வாழ்வு

நிற்க. இச்சிற்றாற்றின் முகத்தில் பெருநகர் ஒன்று தோன்றியது எவ்வாறு? 1400-ஆம் ஆண்டையொட்டி, பலெம்பாங்கிலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூரில் தங்கி அங்கும் நிலைபெறாது வந்த பரமேசுவரன் என்னும் அரசகுமாரன் இவ்விடத்தைத் தனக்கு உறைவிடமாகக் கொண்டான். அவன் சாய்ந்திருந்த மரத்தின் பெயரையே ஊருக்கு இட்டான் என்பது மலாய் மரபு. அம்மரம் நம் நெல்லியே. வடமொழியில் நெல்லிக்குரிய ஆமலகம் என்னும் சொல்லே மலாக்கா என மருவியது என்பர்.

மரம் பெயர் தந்தது. காற்று வாழ்வு தந்தது. சோழமண்டலக் கரையிலிருந்தும் கூர்ச்சரத்திலிருந்தும் புறப்பட்ட மரக்கலங்கள் மேல்காற்றிற் பாய்விரித்து வங்கக்கடலைக் கடந்தன. சீனத்தின் கப்பல்கள் வடகிழக்குக் காற்றில் தெற்கே இறங்கின. இரு காற்றும் ஓயும் எல்லையில் நின்றது மலாக்கா. சீனக் கப்பல் நம் கரைவரை வந்து மீள்வதற்கும், நம் கப்பல் சீனம்வரை சென்று மீள்வதற்கும் காற்று மாறும் பருவத்தை எதிர்நோக்கிப் பலகாலம் காத்திருத்தல் வேண்டும். இடையில் ஓரிடத்தில் இருவரும் சந்தித்துச் சரக்கை மாற்றிக்கொண்டால் அக்காலமும் செலவும் மிஞ்சும். காத்திருக்கும் மாதங்களில் சரக்கை வைக்கக் காவலுள்ள கிடங்கும், தங்க வீடும், கடன் கொடுப்போரும் தேவை. இத்தேவைகளை நிறைவேற்றியே மலாக்கா வளர்ந்தது.

நம் கரையிலிருந்து சென்ற தலையாய சரக்கு துணி. மூலுக்கத் தீவுகளின் கிராம்பும், பண்டாத் தீவுகளின் சாதிக்காயும் சாதிபத்திரியும், தீமோரின் சந்தனமும், அத்தீபகற்பத்தின் வெள்ளீயமும், சீனத்துப் பட்டும் பீங்கானும் நம் நெசவாளர் கைத்திறனுக்கு மாற்றாக வந்தன. மணத்தீவுகளில் நாணயத்தைக் காட்டிலும் துணிக்கே மதிப்பு மிகுதி. ஆதலின் கிழக்குக் கடலின் வாணிபச் சக்கரத்திற்கு அச்சாணியாய் நின்றது சோழமண்டலத் தறி என்று கூறுவது மிகையாகாது.

நம்மவர் அக்கடலுக்குப் புதியவரல்லர். சுமத்திராவின் பாரூஸ் கரையில் 1088-ஆம் ஆண்டிலேயே திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழ்க் கல்வெட்டு நாட்டினர். மலாய் மக்கள் நம் கரையாரைக் ‘கிளிங்’ என்று வழங்கினர். அது கலிங்கம் என்னும் பெயரின் மருவாகும். பிற்காலத்தில் இழிவுப் பொருள் ஏறிய அச்சொல், அந்நாளில் செல்வமும் செல்வாக்கும் உடையாரைக் குறித்த பெயராய் இருந்தது.

மதிலில்லாத காலத்து முறை

சுல்தான்களின் காலத்தில் மலாக்காவிற்குக் கற்கோட்டை இல்லை. ஆயினும் நானாதேசத்து வணிகரும் நம்பி வந்தனர். அந்நம்பிக்கையின் காரணத்தைத் தோம் பிரெஸ் என்னும் போர்த்துக்கேயர் எழுதிய நூலால் அறிகிறோம். மருந்துச் சரக்கு ஆராயும் தொழிலினரான அவர் 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்து, பழைய ஆட்சியின் முறைகளைக் கேட்டறிந்து எழுதினார். அத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டன என்பது அவர் கூற்று.

இத்துணை மொழியாரையும் ஓர் அதிகாரி ஆளுதல் இயலாதென உணர்ந்த அரசு, நான்கு ஷாபந்தர்களை நியமித்தது. ஷாபந்தர் என்பார் துறைமுகத் தலைவர். கூர்ச்சரத்தார்க்கு ஒருவர், சோழமண்டலத்தார், வங்கத்தார், பெகு நாட்டார், பாசே நாட்டார் ஆகியோர்க்கு ஒருவர், சாவகம் முதலிய கீழைத்தீவினர்க்கு ஒருவர், சீனம், சம்பா முதலிய நாட்டார்க்கு ஒருவர். கப்பல் வந்து சேர்ந்ததும் நகுதாவை அழைத்துச் சென்று முதல் மந்திரியின்முன் நிறுத்துவதும், கிடங்கு கொடுப்பதும், சரக்கேற்ற யானையும் படகும் ஏற்பாடு செய்வதும், பிணக்கு நேர்ந்தால் தீர்த்து வைப்பதும் அவரவர் ஷாபந்தரின் கடமை. தன் மொழி அறிந்தவன் ஒருவன் துறைமுகத்தில் தனக்காக நிற்கின்றான் என்பது கடல் கடந்து வந்தவனுக்கு எத்துணை ஆறுதல்!

மேற்கிலிருந்து வரும் சரக்கிற்கு நூற்றுக்கு 6 வீதம் தீர்வை. மனைவியோடு அந்நகரிற் குடியேறி வாழும் அயலாருக்கு நூற்றுக்கு 3 வீதமே. கிழக்கிலிருந்து வருவோர் தீர்வையின்றிக் காணிக்கை மட்டும் செலுத்தினர். இவற்றினும் நம் கருத்தைக் கவர்ந்தது சரக்கை மதிப்பிட்ட முறை. துமெங்குங் என்னும் அதிகாரியின் முன்னிலையில் 10 வணிகர் கூடி அமர்வர். அவருள் 5 பேர் நம் கரையார், ஏனைய 5 பேர் பிற நாட்டார். அவர்கள் கூடி இட்ட மதிப்பே சரக்கின் மதிப்பு. அதிகாரியின் விருப்பமும் வெறுப்பும் அங்கு நுழைய இடம் குறைவு. ஒருவர் சரக்கை அவர் இனத்தாரே மதித்தால் உயர்த்திக் கூறுவர். பிறரே மதித்தால் தாழ்த்திக் கூறுவர். இரு திறத்தாரும் சமமாக அமர்ந்தால் நியாயம் பிறக்கும். எளிய ஏற்பாடே, ஆயினும் ஒரு நகரின் செல்வம் அதன்மேல் நின்றது.

கடலிலும் முறை உண்டு. சுல்தான் மகமூது ஷாவின் காலத்தில் நகுதாக்கள் கூடி வகுத்த கடற்சட்டம், கப்பலில் நகுதாவே அரசனுக்கு ஒப்பாவான் என்றும், சரக்குடையோர்க்கும் மாலுமிகட்கும் உரிய பங்கும் கடமையும் இவை என்றும் வரையறுத்தது. அக்கடலில் ஓடிய சாவகத்துப் பெருங்கலங்கள் பலகையின்மேற் பலகையாகப் பல அடுக்கு அமைத்துக் கட்டப்பெற்றவை. அவற்றுள் ஒன்றைத் தாக்கிய போர்த்துக்கேயர், தம் பீரங்கிக் குண்டு அதன் பலகை அடுக்குகளை முற்றும் துளைக்க மாட்டாமை கண்டு வியந்தனர். இத்தகைய மரக்கலங்களும் இத்தகைய முறையும் இருந்தவரை, மதில் இல்லையே என்று எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

இரு வணிகர் வழக்கு

அம்முறை பிறழ்ந்தது எங்கே? ஈண்டு நாம் எழுதப் புகும் செய்தி நமக்குப் பெருமை தருவதன்று, ஆயினும் மறைத்தற்குரியதுமன்று. செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூல் இதனைக் கூறுகின்றது.

அந்நாளில் முதல் மந்திரியாகிய பெண்டஹாரா பதவியில் துன் முத்தாஹிர் என்பார் இருந்தார். அவர் மரபின் முன்னோர் ஒருவர் நம் கரையிலிருந்து வந்தவர் என்று அந்நூலே கூறும். ஷாபந்தராக இருந்தவர் அந்நூலில் ராஜ முதலியார் என்று பொருள்படும் பெயரால் குறிக்கப்படும் பெருஞ்செல்வர். வணிகர் அனைவர்க்கும் தலைவராக இருந்தவர் நைனா சூரதேவன். இருவரும் நம் கரையார். இருவர்க்கும் செல்வத்திற் குறைவில்லை. இவர்களுக்குள் ஒரு வழக்கு மூண்டு பெண்டஹாராவின்முன் வந்தது.

தீர்ப்புக்கு முந்திய இரவில் நைனா சூரதேவன் பெண்டஹாராவின் இல்லம் சென்று பொன் கொடுத்தார்; அவரும் வாங்கிக்கொண்டார். நைனா சூரதேவனுக்கு உறவினனும், ராஜ முதலியாருக்குக் கடன்பட்டவனுமாகிய கித்துல் என்பவன் அவ்விரவே ஓடிச்சென்று இச்செய்தியை முதலியாரிடம் கூறினான். தன் கடனைத் தீர்த்துக்கொள்ள அவன் கண்ட வழி இது. தமக்கு நியாயம் கிடையாதென அஞ்சிய முதலியார், கடற்படைத் தலைவனாகிய லக்ஷமணா கோஜா ஹசனுக்குப் பெரும் பொருள் கொடுத்து, பெண்டஹாரா அரசைக் கவரச் சூழ்ச்சி செய்கின்றார் என்று சுல்தானிடம் கூறச் செய்தார். முன்னமே பெண்டஹாராவின்மேல் மனக்கசப்புக் கொண்டிருந்த சுல்தான் அதனை நம்பினான். 1510-ஆம் ஆண்டளவில் துன் முத்தாஹிரும் அவர் சுற்றத்தாரும் கொல்லப்பட்டனர். பின்னர்க் குற்றச்சாட்டுப் பொய்யென வெளிப்படவே, ராஜ முதலியாரும் கித்துலும் தத்தம் குடும்பத்தோடு அழிந்தனர்; லக்ஷமணாவும் தண்டனைக்குத் தப்பவில்லை.

இச்செய்தி மலாக்கா வீழ்ந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்தபின் இன்றுள்ள வடிவத்தில் எழுதப்பெற்றது. ஆதலின் இரவுப் பேச்சுக்கள் ஒவ்வொன்றும் அவ்வாறே நிகழ்ந்தன என்று நாம் சாதிக்க வேண்டுவதில்லை. ஆனால் ஒன்று உறுதி. தம் நாட்டு வீழ்ச்சியை எண்ணி எழுதிய மலாய்ப் பெருமக்கள், அதன் தொடக்கத்தை மதிலின்மையிற் காணவில்லை. இரண்டு வணிகரின் வழக்கிலும், விலைபோன ஒரு தீர்ப்பிலுமே கண்டார்கள்.

நைனா சாத்துவின் கணக்கு

1509-இல் போர்த்துக்கேயக் கப்பல்கள் முதன்முறை மலாக்காவிற்கு வந்து, பகை மூண்டு, சிலர் சிறைப்பட்டனர். சிறைப்பட்டோர்க்கு உணவளித்து உதவியவர் நைனா சாத்து என்று போர்த்துக்கேயர் எழுதும் பெயருடைய நம் கரை வணிகர். 1511 ஜூலையில் அல்புகெர்க்கு என்னும் தளபதி கப்பற்படையோடு வந்தான். போரின் முடிவு அந்தப் பாலத்தையே சார்ந்திருந்தது. அரசுக் கரையையும் வணிகர் கரையையும் இணைத்த பாலத்தைப் பிடித்தவன் நகரைப் பிடித்தவனாவான் என்பதை அவன் அறிந்திருந்தான். உயர்ந்த மரக்கலம் ஒன்றைப் பாலத்தருகே செலுத்தி அதன்மேலிருந்து தாக்கினான். ஆகஸ்டு மாதத்தில் மலாக்கா வீழ்ந்தது, சுல்தான் வெளியேறினான்.

வெற்றிபெற்றவன் நைனா சாத்துவைப் பெண்டஹாராவாக்கி, முகம்மதியரல்லாத நம் கரையார்க்குத் தலைவராக்கினான். பெகு நாட்டிற்கும், பழவேற்காட்டிற்கும், சீனத்திற்கும் போர்த்துக்கேயர் தொடக்கத்தில் கலம் செலுத்தியபொழுது நைனா சாத்துவின் பொருளும் வழியறிவும் அவர்கட்குத் துணையாயின. அவர் கணக்கு ஒருவாறு பலித்தது போலவே தோன்றிற்று.

ஆனால் 1514-இல் புதிதாக வந்த கோட்டைத் தலைவன், கம்பார் நாட்டு அரசன் அப்துல்லாவைப் பெண்டஹாராவாக்கும் பொருட்டு நைனா சாத்துவை அப்பதவியினின்றும் நீக்கினான். அவமானம் பொறாத அப்பெரியவர் சந்தனக் கட்டைகளால் சிதையடுக்கி, தாம் செய்த உதவிகளை ஊரறியக் கூறித் தீப்புகுந்து மாண்டார் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களே எழுதிவைத்தனர். அவர்க்குப் பின் பதவியேற்ற அப்துல்லாவும் நெடுநாள் நிலைக்கவில்லை. துரோகக் குற்றம் சாட்டப்பெற்றுக் கொல்லப்பட்டார்.

நைனா சாத்துவைக் காட்டிக்கொடுத்தவர் என்று இகழ்வாரும் உளர். காலமறிந்து நடந்த வணிகர் என்று கொள்வாரும் உளர். அவர் இன்ன குலத்தினர் என்று உரிமை கொண்டாடும் பொருட்டு நாம் இதனை எழுதவில்லை. சிறைப்பட்டவனுக்குச் சோறிட்டது அறமே. ஆனால் தம் வாழ்வு முழுவதையும் முறையின்மேல் வையாது ஒருவர் தயவின்மேல் வைத்ததே அவர் செய்த பிழை. தயவு கொடுத்ததைத் தயவே பறித்தது. முறை கொடுத்ததோ ஒருவன் விருப்பத்தால் அவ்வளவு எளிதிற் பறிபோவதில்லை.

மதிலுக்குள் மெலிந்த வாணிபம்

நகரைக் கைக்கொண்டவுடன் அல்புகெர்க்கு கோட்டை கட்டத் தொடங்கினான். மசூதிகளையும் அரசர் சமாதிகளையும் இடித்த கல்லே அதற்குப் பயன்பட்டது. கோட்டை உயர்ந்தது, துறைமுகம் தாழ்ந்தது. அனுமதிச் சீட்டுப் பெறாத கப்பலைக் கடலிற் கண்டால் பிடித்துக்கொண்டனர். கோட்டைத் தலைவர்கள் தாமே வாணிபம் செய்து, பிறர் சரக்கைத் தாம் வைத்த விலைக்கு வாங்கலாயினர். பதின்மர் கூடி மதிப்பிட்ட பழைய முறை எங்கே, ஒருவன் வாள்முனையில் வைத்த விலை எங்கே! முகம்மதிய வணிகர் பலர் ஆச்சே, ஜொகூர், பாந்தம் முதலிய துறைகளை நாடினர். மேல்காற்றும் வடகிழக்குக் காற்றும் முன்போலவே வீசின. பாய்கள் வேறு துறைகளில் இறங்கின.

மதில் தன் கடமையைச் செய்யவில்லை என்று கூறுதல் பொருந்தாது. ஆச்சே நாட்டார் பன்முறை முற்றுகையிட்டும் அது வீழவில்லை. ஆயினும் ஒல்லாந்தர், ஜொகூர் அரசரைத் துணைக்கொண்டு 1640-இல் முற்றுகையிட்டு, பசியும் கொள்ளைநோயும் உள்ளிருந்தோரை வதைத்தபின் 1641 ஜனவரி 14-ஆம் நாள் அதனைக் கைப்பற்றினர். அவர்கள் கோட்டையைப் பழுதுபார்த்து 1670 என்று பொறித்துக்கொண்டனர். ஆனால் அவர்தம் தலைநகர் பத்தாவியாவே. மலாக்கா அதற்கு அடங்கிய காவற்கூடமாய் நின்றது.

1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். இக்கோட்டை மீண்டும் பகைவர் கைக்குச் சென்றால் தம் பினாங்குத் துறைமுகத்திற்கு ஊறு நேரும் என்று கருதி 1807-இல் அதனை இடிக்கலாயினர். கூலியாட்கள் கடப்பாரை கொண்டு இடிக்க முயன்றும் மதில் எளிதில் இளகவில்லை. அதனுள் பேயுண்டென்று அஞ்சியோரும் பலர். இறுதியில் ஃபார்க்குவார் என்னும் அதிகாரி வெடிமருந்து வைத்துத் தகர்த்தார். அதனை இளம்பிராயத்திற் கண்ட அப்துல்லா முன்ஷி தம் வரலாற்றில் உருக்கமாக எழுதியுள்ளார். மறு ஆண்டில் மலாக்காவிற்கு வந்த ராஃபிள்ஸ் நகரை முற்றும் கைவிடலாகாதென மேலிடத்திற்கு எழுதினார். இன்று நாம் காணும் ஒற்றை வாயில் எஞ்சியது அவர் முயற்சியால் என்பர். பகைவர் தகர்க்கமாட்டாத மதிலை, அதனை ஆண்டவரே தகர்த்தனர். மதிலின் இறுதி இதுவாயிற்று.

அப்துல்லா முன்ஷியைப்பற்றி மற்றுமொரு செய்தியும் கூறுதல் தகும். அவருடைய பாட்டனார் மரபு நாகூரோடு தொடர்புடையது. மலாக்காவிற் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கணக்கறிவின் பொருட்டுத் தமிழ் கற்பது அந்நாள் வழக்கமென்றும், தம் தந்தையார் தம்மையும் தமிழ் கற்க அனுப்பினார் என்றும் அவர் எழுதியுள்ளார். மலாக்காவின் பொற்காலம் கழிந்து 300 ஆண்டு ஆனபின்னும் அங்கே கணக்கின் மொழியாகத் தமிழ் நின்றது. பீரங்கியால் நிலைபெற்ற மொழியன்று அது. கணக்கின் நேர்மையால் நிலைபெற்ற மொழி.

பொற்கொல்லர் தெருவில்

கோட்டைக் கரையைவிட்டுப் பாலங் கடந்து வணிகர் கரைக்குச் சென்றோம். அங்கே பொற்கொல்லர் தெரு என்று பொருள்படும் பெயருடைய வீதியில் பொய்யாத விநாயகர் கோயில் உள்ளது. ஒல்லாந்தர் அளித்த நிலத்தில், மலாக்காச் சிட்டி மக்களின் தலைவராய் இருந்த தெய்வநாயகம் சிட்டி 1781-இல் எடுப்பித்தது அது. அதனை அடுத்து 1748-இல் நம் கரை முகம்மதியர் முதலானோர் கட்டிய பள்ளிவாசல். சற்று அப்பால் 17-ஆம் நூற்றாண்டில் தோன்றிய சீனர் கோயில். மூன்றும் ஒரே நெறியில், ஒன்றன் ஓசை மற்றொன்றிற் கேட்குமளவு அணித்தாக நிற்கின்றன. இவற்றிற்கிடையே மதில் எழுப்ப வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை.

சிட்டி மக்கள் என்பார், சுல்தான்கள் காலமுதல் அங்குத் தங்கிய நம் கரை வணிகர் அந்நாட்டுப் பெண்டிரை மணந்து பெருகிய மரபினர். காஜா பெராங் பகுதியில் அவர்தம் சிற்றூர் உள்ளது. வீட்டு மொழி மலாய். பெண்டிர் உடை மலாய் முறை. உணவும் பெரும்பாலும் அவ்வாறே. கப்பலும் கிடங்கும் அவர்களை விட்டு நீங்கி நெடுங்காலமாயிற்று. ஆயினும் பொங்கலுக்கு முதல்நாள் முன்னோர்க்கு இலையிட்டுப் படைத்தலை அவர்கள் விட்டாரல்லர். மாரியம்மன் திருவிழாவை நடத்துகின்றனர். தமிழ் நாவினின்றும் நீங்கியும், முன்னோர் நினைவு நெஞ்சினின்றும் நீங்கவில்லை. 500 ஆண்டுகளில் மூன்று ஐரோப்பிய அரசுகள் அந்நகரில் வந்து போயின, கோட்டை தோன்றி மறைந்தது, இம்மக்கள் இருக்கின்றனர். மதிலுக்குள் அரசாண்டவரினும், மதிலுக்கு வெளியே கூடி வாழ்ந்தவரே நிலைத்தனர் என்பதை வேறெவ்வாறு கூறுவது?

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்களே! பழம்பெருமை பேசி மகிழ்வதற்கு மட்டும் வரலாறு படிக்கலாகாது. நம் முன்னோர் கடல் கடந்தனர் என்பது மெய்யே. கடல் கடந்தவிடத்தில் 10 பேருள் 5 பேராய் அமர்ந்து நியாயம் கூறும் மதிப்புப் பெற்றனர் என்பதும் மெய்யே. அவ்விடத்தில் இருவர் தமக்குள் மூண்ட வழக்கை நியாயத்தால் தீர்க்காமல் பொன்னால் தீர்க்க முயன்று, தாமும் கெட்டு ஊரையும் நலிவித்தனர் என்று அயலார் எழுதிவைத்ததும் நம் வரலாற்றின் ஓர் ஏடே. முன்னதை மட்டும் நம் பிள்ளைகளுக்குக் கூறிப் பின்னதை மறைப்போமாயின், அவர்களுக்குப் பாதி நாணயத்தைக் கொடுத்தவராவோம்.

இன்று நம் குடும்பங்களில் மூளும் வழக்குகள் எத்தனை! உடன்பிறந்தார் பாகப் பிணக்கு, கூட்டு வியாபாரக் கணக்குப் பிணக்கு, பொதுச் சொத்தின் நிர்வாகப் பிணக்கு என்று அவை பெருகுகின்றன. ஒருவன் மற்றவனை வெல்லும் பொருட்டு மூன்றாமவன் தயவை நாடுகின்றான். அத்தயவுக்குக் கொடுத்த விலை, வழக்கின் பொருளினும் மிகுதியாகின்றது. ராஜ முதலியாரும் நைனா சூரதேவனும் செய்தது இதுவன்றோ? நம் சங்கத்தின் பஞ்சாயத்தில் வழக்குடையார் இருவரும் சமமாகத் தெரிந்தெடுக்கும் நடுவர்களை அமர்த்தி, கணக்கைத் திறந்துவைத்து, தீர்ப்பை எழுத்தில் பெற்றுக்கொள்ளும் வழக்கம் பெருகுமானால், அதுவே நம் குலத்திற்கு நாம் எழுப்பும் காவல். மலாக்காவின் பதின்மர் சபை வெறும் பழங்கதையன்று. ஊரும் காலமும் மாறினும் இன்றும் பின்பற்றத்தக்க முறை.

வெளிநாடுகளில் தொழில் செய்யும் நம் இளைஞர்க்கும் ஒரு சொல். செல்வாக்குடையார் ஒருவரின் நட்பு நல்லதே; ஆயின் அதனையே முதலாக வைத்துத் தொழில் நடத்தாதீர்கள். சென்ற நாட்டின் சட்டத்தை அறிந்து நடவுங்கள். அயலாரோடு கூடி வாழுங்கள். உங்கள் கணக்கை எவர் கேட்பினும் காட்டத்தக்கதாக வையுங்கள். தாய்மார்களும் தம் மக்களுக்குத் தமிழைக் கற்பிப்பதில் சோர்வுறலாகாது. சிட்டி மக்கள் மொழியை இழந்தும் மரபைக் காத்தனர். நாமோ இரண்டையும் காக்கும் நிலையில் உள்ளோம். இரண்டனுள் ஒன்றை இழந்தாலும் அதற்குக் காலத்தைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

மலாக்காக் கோட்டையின் வாயில் இன்றும் திறந்தே நிற்கின்றது. இருபுறமும் மதில் இல்லாமையால் அதன் வழியே நுழைய வேண்டிய தேவையும் எவர்க்கும் இல்லை. பாலத்திற்கு அப்பால் வணிகர் தெருவில் மணியோசையும் தொழுகை ஓசையும் நாள்தோறும் எழுகின்றன. நம் பொருளையும் உழைப்பையும் எதனைக் கட்டுவதில் செலவிட வேண்டும் என்பதை இவ்விரண்டையும் ஒப்புநோக்கி நாம் ஒவ்வொருவரும் முடிவு செய்வோமாக. நடுவுநிலைமை நம் குலத்துக்கு நிலைத்த அரணாகத் திருவருள் துணை நிற்க.